தலைகீழாய்ச் சாப்பிடும் பூநாரையும் அப்பாவின் காபியும்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் தொடையில் கிள்ளு விழும். அப்பா வேதாரண்யத்தில் பள்ளிக்கூட வாத்தியார். "எச்சில் பண்ணாம அண்ணாந்து குடிடா" என்று எங்களை மட்டுமா சொன்னார், ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேரை அப்படித்தான் பழக்கினார். கொதிக்கக் கொதிக்க இருக்கும் காபியைக்கூட ஒரு சொட்டு சட்டையில் சிந்தாமல் உயரத்தில் இருந்து ஊற்றிக்கொள்வார். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். அதைப் பார்ப்பதே ஒரு வித்தை பார்ப்பது மாதிரி இருக்கும்.

அந்த மனிதரிடம்தான் 2024 அக்டோபரில், நவி மும்பையில் எங்கள் ஃப்ளாட் டைனிங் டேபிளில் உட்கார்ந்து, "அப்பா, அண்ணாக்காதீங்க. தலையைக் குனிஞ்சு, டம்ளர்ல வாய் வச்சுக் குடிங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நல்ல வேளை, கை கால் பெரிதாகப் பாதிக்கவில்லை. பேச்சு மட்டும் குழறியது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, கொஞ்சம் தேறியதும் இங்கே அழைத்து வந்தோம். அம்மா போய் 6 வருஷம் ஆகிறது, அங்கே தனியாக விட முடியாது.

இங்கே ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கூட்டிப் போனேன். பேச்சைச் சரி பண்ணத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா அப்பாவைப் பேசச் சொல்லவே இல்லை. ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். அப்பா இருமினார். திரும்ப ஒரு ஸ்பூன். திரும்ப இருமல். பேரியம் கலந்த திரவத்தை விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் படம் பிடித்தார்கள். திரையில் கறுப்பாய் ஓடிய அந்தத் திரவத்தில் ஒரு மெல்லிய கோடு, உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவியது. நாற்பத்தேழு வயதில் அன்றைக்குத்தான் நான் ஒன்று தெரிந்துகொண்டேன். நாக்கு பேசுவதற்கும் ருசி பார்ப்பதற்கும் மட்டும் இல்லை. அது ஒரு பம்ப்.

தெரபிஸ்ட் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வாயில் உள்ளதை நாக்கு உருட்டித் திரட்டுகிறது. நுனி மேலண்ணத்தில் அழுந்த, நடுநாக்கு அலை மாதிரி எழும்பிப் பின்னால் தள்ளுகிறது. அந்த நொடியில் மேலே மூக்கு வழி மூடிக்கொள்கிறது, குரல்வளை எழும்புகிறது, அதன்மேல் ஒரு மூடி கவிழ்கிறது. மூச்சு நிற்கிறது. உணவு போனதும் எல்லாம் திறந்து மூச்சு திரும்ப ஓடுகிறது. 30-க்கும் மேற்பட்ட தசைகள் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடியில் செய்து முடிக்கிற வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்கிறோம், ஒரு தடவைகூட நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்பாவின் நாக்கு தாமதமாகத் தள்ளியது, மூடி தாமதமாகக் கவிழ்ந்தது. இட்லி, குழைந்த சாதம் எல்லாம் பிரச்சினை இல்லை. தண்ணீர்தான் எதிரி! தண்ணீராய் இருக்கிற எதுவும் நாக்கு தயாராவதற்குள் வழிந்து ஓடிவிடும். அண்ணாந்தால் கேட்கவே வேண்டாம், நேராகக் கொட்டும்.

ஆகவே இரண்டு கட்டளை. ஒன்று, தண்ணீர், காபி, மோர் எதுவானாலும் கெட்டிப்படுத்தும் பவுடர் கலந்து கூழ் மாதிரி ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். இரண்டு, மோவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்துதான் விழுங்க வேண்டும். அப்படிக் குனிந்தால் அப்பாவுக்கு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகவில்லை என்று எக்ஸ்ரேயிலேயே பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்தம்மா இந்தியில் "டோடி நீச்சே, அங்கிள்" என்றார். மோவாயைக் கீழே இறக்கச் சொல்கிறார். அப்பாவுக்கு இந்தி தெரியாது. என்னைப் பார்த்து, குழறலோடுதான், "தோடியா? ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடிதான் எனக்குத் தெரியும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். தெரபிஸ்ட்டுக்கு விளக்கப் போய், ராகம், நாதஸ்வரம் என்று பத்து நிமிஷம் ஆனது.

சிரித்ததெல்லாம் அங்கேதான். வீட்டில் அந்தக் காபிக் கூழைப் பார்த்ததும் அப்பா முகம் மாறியது. "இது என்ன, பசையா? போஸ்டர் ஒட்டவா?" என்றார். ஒரு வாய் வைத்தார், தள்ளிவிட்டார். குனிந்து குடிப்பது அதைவிடக் கஷ்டம். மருமகள் எதிரில், பேத்தி எதிரில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டம்ளரை எச்சில் பண்ணிக் குடிப்பதா? "தாகமில்ல" என்று சொல்லப் பழகிக்கொண்டார். காலையில் தாகமில்லை, மத்தியானம் தாகமில்லை. நான் சத்தம் போட்டேன். என் மனைவி "மாமா, கொஞ்சமாச்சும்" என்று கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குச் சமையலறையில் இருமல் சத்தம். ஓடிப் போனேன். சொம்பைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பழைய வழக்கப்படி அண்ணாந்து, பச்சைத் தண்ணீர். "சொன்னா கேக்க மாட்டீங்களா? சின்னப் பிள்ளையா நீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாளில் காய்ச்சல். நெஞ்சில் சளி. நிமோனியா. 6 நாள் ஆஸ்பத்திரி. "அடுத்த தடவை இப்படி ஆனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். அப்பாவைக் கத்தினது அந்த 6 நாளும் தொண்டையில் முள்ளாய் நின்றது.

இனிதான் பூநாரை வருகிறது.

நவி மும்பையில் இருப்பவர்களுக்கு ஃப்ளமிங்கோ புதிதல்ல. குளிர்காலத்தில் தானே கழிமுகத்துச் சேற்றில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும், மழைக்கு முன் கிளம்பிவிடும். கழிமுகத்தின் ஒரு பகுதியை 2015-ல் ஃப்ளமிங்கோ சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கழிமுகத்தில் அலை ஏறிச் சேறு மூழ்கிவிட்டால், நெருல், சீவுட்ஸ் பக்கத்துக் குளங்களுக்குப் பறந்து வந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அங்கே அழைத்துப் போனோம். வீட்டிலேயே அடைந்து கிடந்தால் ஆகாது என்று மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்கூட இயற்கைக் கழகத்தில் கொடுத்த பைனாகுலரையும் எடுத்துக்கொண்டாள். கரையில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தோம்.

அப்பாவுக்கு இந்தப் பறவையைத் தெரியும். வேதாரண்யத்துக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? உப்பளத்தைத் தாண்டி கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைகள் வரும். ஆனால் அங்கே அது எப்போதும் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடுதான். கிட்டப் போனால் கோடு அப்படியே எழுந்து பறந்துவிடும். இங்கே ஐம்பதடி தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் கேட்டார்.

"ஏண்டா, இது குனிஞ்சா குடிக்குது?"

"குனிஞ்சு மட்டும் இல்லப்பா, தலைகீழா."

"தலைகீழான்னா?"

"தாத்தா, உச்சந்தலை தண்ணிப் பக்கம், தாடை மேல் பக்கம். மூக்கோட மேல் பாதி கீழ போயிடும்" என்றாள் மகள், தன் கையையே கழுத்தாக வளைத்துக் காட்டி.

அப்பா திரும்பவும் பைனாகுலரை எடுத்தார். "எழுவது வருஷமாப் பாத்திருக்கேன். வாயைப் பாத்ததே இல்ல" என்றார்.

நான் அன்றைக்கு ஒரு தந்திரமும் மனதில் வைத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் அப்பாவுக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார் என்பது அன்று சாயங்காலமே தெரிந்தது. "அது எப்படித் திங்குதுன்னு படிச்சுச் சொல்லு" என்று பேத்தியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு வாரம் படித்தாள், நானும் சேர்ந்துகொண்டேன். நாங்கள் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், சுவாரசியமானது.

சாதாரணமாகப் பறவைகளின் அலகில் மேல்பாதி பெரிது, கீழ்பாதி சிறிது. பூநாரைக்கு நேர் எதிர். மேல் அலகு மெல்லிய மூடி மாதிரி, கீழ் அலகு ஆழமான தொட்டி. தலைகீழாகச் சாப்பிடுவதால் மூடி அடியிலும் தொட்டி மேலேயும் வந்துவிடும். நாம் வாயைத் திறந்தால் அசைவது கீழ்த்தாடை மட்டும்தான். பூநாரையால் மேல் அலகையும் நன்றாக அசைக்க முடியும்.

அலகு ஏன் நடுவில் உடைந்த மாதிரி வளைந்திருக்கிறது? கத்தரிக்கோலைத் திறந்து பாருங்கள். நுனியில் அகலமாகவும் திருகாணிப் பக்கம் குறுகலாகவும் இருக்கும். நேரான அலகும் அப்படித்தான் திறக்கும், பெரிய பொருள் நுனி வழியாக உள்ளே வந்துவிடும். வளைந்த அலகைக் கொஞ்சமாகத் திறந்தால் நுனியில் இருந்து அடிவரை இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவு. சல்லடைக்கு அதுதானே வேண்டும்!

அலகின் உள்ஓரம் முழுக்க மெல்லிய தகடுகள் வரிசையாய், பேன் சீப்பு மாதிரி. தொட்டிக்குள் நாக்கு. பெரும்பாலான பறவைகளுக்கு நாக்கு மெலிசாக, விறைப்பாக இருக்கும். இதற்குத் தடித்த, சதைப்பற்றான நாக்கு, தொட்டியை அடைத்துக்கொண்டு கிடக்கும். அது சைக்கிள் பம்பின் தண்டு மாதிரி முன்னும் பின்னும் போய் வருகிறது. பின்னால் இழுத்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே வருகிறது. முன்னால் தள்ளினால் தண்ணீர் சீப்பு வழியாக வெளியே போகிறது, தீனி சிக்கிக்கொள்கிறது. நாக்கின் மேல் பின்பக்கமாய்ச் சாய்ந்த முட்கள் இரண்டு வரிசை. சிக்கியதை அவை தொண்டைப் பக்கம் இழுத்துவிடும்.

எத்தனை வேகம் தெரியுமா? பெரிய பூநாரையின் நாக்கு ஒரு நொடிக்குச் சில தடவை போய் வரும். சிறிய பூநாரைக்கு 20 தடவை வரை. மும்பைப் பக்கம் வருவதில் பெரும்பாலும் சிறியவைதான். அடையாளம் எளிது. பெரியதற்கு இளஞ்சிவப்பு அலகில் நுனி மட்டும் கறுப்பு. சிறியதற்கு அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு. இரண்டும் ஒரே தண்ணீரில் சண்டை இல்லாமல் மேய்வதற்கும் வாய்தான் காரணம். பெரியதன் சல்லடைக்கண் அகலம், அடிச்சேற்றில் உள்ள சிறு இறால், புழு, விதை எல்லாம் எடுக்கும். சிறியதன் கண் மிக நுண்மை, மேல்தண்ணீரில் உள்ள நீலப்பச்சைப் பாசிதான் அதற்குச் சாப்பாடு. பெரியதால் பாசியைப் பிடிக்க முடியாது, சிறியதால் இறாலை உள்ளே விட முடியாது.

இதைப் படித்துக்கொண்டு வந்த இடத்தில் மகள் முகம் சுளித்தாள். பழைய ரோமாபுரிச் செல்வந்தர்கள் இந்த நாக்கைத் தின்றார்களாம். கி.பி. 69-ல் சில மாதங்கள் மட்டும் ஆண்ட விட்டெல்லியஸ் என்ற சக்கரவர்த்தி ஒரு பிரம்மாண்டமான தட்டில் பரிமாறியவற்றில் பூநாரை நாக்கும் உண்டு என்று சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். கொழுத்த நாக்கு இருந்ததே அதற்கு வினையாகியிருக்கிறது. "சீ, எத்தனை பறவையைக் கொன்னிருப்பாங்க ஒரு தட்டுக்கு" என்றார் அப்பா.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது குஞ்சு விஷயம். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம், அலகு நேராக இருக்கும். வளர வளரத்தான் வளையும், சல்லடை அமையும். அதுவரை தானாகச் சலித்துத் தின்னத் தெரியாது. தாயும் தகப்பனும் தங்கள் இரைப்பையில் சுரக்கும் ஒரு சிவப்புப் பாலைக் குஞ்சின் வாயில் ஊற்றும். "தகப்பனுக்கும் சுரக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம், இரண்டுக்கும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதெல்லாம் காபிக்கு எப்படி வந்தது என்றால், நேராக வரவில்லை. தெரபிஸ்ட் நாக்குக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பிடி, விடு. முன்னால் நீட்டு, இழு. அதைச் செய்யச் சொன்னால் அதுவரை எரிச்சல்படுவார். இப்போது மகள் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "தாத்தா, அது ஒரு செகண்டுக்கு 20. நீங்க ஒரு நிமிஷத்துக்கு எத்தனை?" முதல் நாள் 8. ஒரு மாதத்தில் 20 தாண்டினார். "அதுக்கு ஒரு செகண்ட், எனக்கு ஒரு நிமிஷம். வயசாயிடுச்சுல்ல" என்பார்.

பிறகு ஒரு காலையில், நான் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன். மனைவி காபியை வைத்துவிட்டு வழக்கம்போல உள்ளே போய்விட்டாள், அவர் சங்கடப்படக் கூடாது என்று. ஷூ போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பேத்தியிடம், "இந்தா பாரு, பூநாரை" என்று சொல்லிவிட்டு, மோவாயை நெஞ்சில் பதித்து, டம்ளரை உதட்டோடு சேர்த்து, ஒரு வாய் விழுங்கினார். இருமல் இல்லை. இன்னொரு வாய். பாதி டம்ளர் காலியாகிற வரைக்கும் நான் ஷூ கயிற்றையே கட்டிக்கொண்டிருந்தேன். 8:12 ட்ரெயின் போய்விட்டது.

அன்றைக்கு லோக்கலில் நின்றுகொண்டே யோசித்தேன். நான் நாலு மாதமாக அவரிடம், "உங்களுக்கு முடியல, அதனால குனியுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பறவை குனிவது முடியாததால் இல்லை. அதன் வாய் அப்படி, அதற்கு ஏற்ற மாதிரி குடிக்கிறது. அப்பாவின் வாயும் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். இதை நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது. மகன் சொல்வது புத்திமதி. பறவை செய்வது பாடம். வாத்தியாருக்குப் பாடம்தான் பிடிக்கும்.

2025 மே மாதம் மகள் ஒரு புதுச் செய்தி கொண்டு வந்தாள். சிலி பூநாரைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி அப்போது வெளிவந்திருந்தது. பூநாரை சும்மா வருவதைச் சலிப்பதில்லையாம். தலையை வெடுக்கென்று மேலே இழுத்துத் தண்ணீருக்குள் சுழலை உண்டாக்குகிறது, நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில். அலகு நுனியை நொடிக்கு 12 தடவை போலப் படபடவென்று அடிக்கிறது, காலால் சேற்றைக் கலக்குகிறது. எல்லாம் சேர்ந்து இரையை வாய்ப் பக்கம் இழுத்து வருகிறது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அதான் அன்னைக்கு ஒவ்வொண்ணும் மாவாட்டற மாதிரி சுத்திச் சுத்தி மிதிச்சுதா?" என்றார். நாங்கள் யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை.

ஜூனில் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள். பவுடர் தேவையில்லை, சின்னச் சின்ன வாயாக, குனிந்து குடித்தால் போதும் என்று தெரபிஸ்ட் சொல்லிவிட்டார். அந்த மாதமே ஊருக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பக்கத்து வீட்டில் சித்தப்பா குடும்பம் இருக்கிற தைரியத்தில் அனுப்பி வைத்தேன்.

போன வாரம் ஃபோனில் சித்தப்பாவிடம் பேசினேன். "உங்கப்பா டீக்கடையிலகூடக் குனிஞ்சுதான் குடிக்கிறாரு. ஏன் வாத்தியாரேன்னு எவனாவது கேட்டா தொலைஞ்சான், அரைமணி நேரம் நாரை நாக்கைப் பத்திப் பாடம்" என்றார். அப்பா ஃபோனை வாங்கி, "தம்பி, சீசன்ல பிள்ளைய அழைச்சுக்கிட்டு வா. கோடியக்கரை போவோம். அந்தப் பைனாகுலரை மறந்துடாத" என்றார். பேச்சில் இன்னும் கொஞ்சம் குழறல் இருக்கிறது. எனக்குப் புரிகிறது.

நான் இன்னும் அண்ணாந்துதான் குடிக்கிறேன். சின்ன வயதில் வாங்கிய கிள்ளு அப்படி.

பி.கு: வீட்டில் பெரியவர்கள் தண்ணீர் குடித்ததும் அடிக்கடி இருமினாலோ, குடித்தபின் குரல் ஈரமாய்க் கரகரத்தாலோ, "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு முக்கியமாக. சிலருக்கு இருமலே வராமல்கூட மூச்சுக்குழாய்க்குள் போகும். விழுங்குவதைச் சோதிக்க ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள். குனிந்து குடிப்பது அப்பாவுக்குச் சரிப்பட்டது. எல்லாருக்கும் சரிப்படாது, சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.